சட்ட எழுத்தைக் கற்பிக்கும் பேராசிரியருக்கு வகுப்பறைக்கு வெளியே என்ன வேலை?

வகுப்பில் கற்பித்ததை நாட்டின் நீதிமன்ற விதிகளிலேயே செய்துகாட்டும் வாய்ப்பும் அவருக்கு வாய்க்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தாமஸ் கூலி சட்டக் கல்லூரியில் நெடுங்காலம் சட்ட எழுத்தைக் கற்பித்த ஜோசப் கிம்பிளை இதற்குச் சான்றாகச் சொல்வேன். கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளைத் தெளிவான நடையில் திருத்தி எழுதிய பணியில் அவர் வரைவு ஆலோசகராக இருந்தார். புதிய வடிவம் 2007 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சாட்சிய விதிகளின் வரைவிலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. அவை 2011இல் வந்தன.

பொருள் சிறிதும் மாறாமல் சொல்லை மட்டும் மாற்றுவதே இந்த வேலையின் கடினமான பகுதி. ஆங்கிலத்தில் ‘ஷல்’ (shall) என்ற ஒரே சொல் ஓரிடத்தில் கட்டாயத்தையும் வேறோரிடத்தில் அனுமதியையும் குறித்துக் குழப்பியதால், அதை நீக்கிவிட்டு கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’ (must), அனுமதிக்கு ‘மே’ (may), கட்டாயத்தைவிடச் சற்றுத் தளர்ந்த ‘ஷுட்’ (should) ஆகியவற்றை இடமறிந்து இட்டார்கள். ஆனால் முழு விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது பற்றிய 56ஆம் விதியில் ‘ஷுட்’ என்று மாற்றியது, நீதிபதியின் கடமையையே தளர்த்திவிடுமோ என்ற கவலையை எழுப்பியது. மாணவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்: 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விதிக்குள் ‘ஷல்’ மீண்டும் சேர்க்கப்பட்டது.