'பெல்ட்' வினைச்சொல்லாக வந்தால் என்ன பொருள்?

ஆம்பூரில் தோல் பெல்ட் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

ஓங்கி அடிப்பது, விளாசுவது. அவ்வளவுதான். முதலில் பெல்ட்டைக் கழற்றி அடிப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள், 'பெல்ட்ட கழட்டுனேன்னா தெரியும்' என்று எங்க அப்பா மிரட்டுவாரே, அதே சங்கதி. போகப்போக கையால் விட்டாலும் மட்டையால் விட்டாலும் பெல்ட் என்றாகிவிட்டது. அதனால் 'ஹி பெல்டட் மீ' என்று ஒருவன் சொன்னால் அடித்தவன் இடுப்பைப் பார்க்காதீர்கள், கையாலேயே ஒன்று விட்டிருப்பான். கிரிக்கெட்டில் பந்தை பெல்ட் பண்ணினார் என்றால் விளாசினார். பேச்சு வழக்குச் சொல், புகார் மனுவில் எழுத வேண்டாம்.

ஆனால் இந்தச் சொல் அடியோடு நிற்காது, நம்ம 'அடி' மழைக்கும் தண்ணிக்கும் பெயின்டுக்கும் போகிற மாதிரி இதுவும் பல இடம் போகும். மழை பெல்டிங் டவுன் என்றால் அடித்து ஊற்றுகிறது (வேலூரில் வெயில்தான் அடிக்கும், அது வேற கதை). விஸ்கியை பெல்ட் டவுன் பண்ணினான் என்றால் மடக் மடக்கென்று அடித்தான். பெல்டிங் அலாங் என்பது ராத்திரியில் பெங்களூர் ரோட்டில் ஆம்னி பஸ் பறக்கும் வேகம். பெல்ட் அவுட் பாட்டுக்கு: ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி பக்கம் போனால் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் கணீரென்று பாடுவாரே, அந்த மாதிரி தொண்டையைத் திறந்து பாடுவது.

அப்புறம் பெல்ட் அப். இங்கிலாந்திலிருந்து ஆர்டர் விஷயமாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் முன்சீட்டில், அவர்கள் பின்னால். சின்னவர் வாலாஜா டோல்கேட்டில் ஆரம்பித்தவர் பள்ளிகொண்டா தாண்டியும் பேச்சை நிறுத்தவில்லை. பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 'ஓ, பெல்ட் அப்!' என்றார். எங்க டிரைவர் அண்ணன் பதறிப்போய் ஒரு கையால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, 'போட்டுட்டேன் சார், போட்டுட்டேன்' என்கிறார். அவர் மேல் தப்பில்லை, சீட் பெல்ட் போடு என்ற பொருளும் அதற்கு உண்டு. பெரியவர் சொன்னது 'வாயை மூடு'. சின்னவர் ஆம்பூர் வரை வாயைத் திறக்கவில்லை, டிரைவர் அண்ணனும்தான்.