வன்னியில் இருந்து கம்பஸ் போகும் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்? தடுக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் முல்லைத்தீவுப் பக்கம். அவருடைய ஊரில் இருந்து கம்பஸ் கிடைத்துப் போன பிள்ளைகளில் சிலர் முதலாம் ஆண்டு முடிய முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். பல்கலைக்கழகமும் ஊரும் என்ன செய்தால் இது குறையும் என்று கேட்டிருக்கிறார். நான் வன்னியில் உள்ள ஒரு பீடத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வகுப்பில் கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் முதல் வேலை ஒன்றுதான். வராமல் போகிற பிள்ளையை மூன்று கிழமைக்குள் யாராவது ஒரு ஆள் தேடிப் பேச வேண்டும். பணம், ஆங்கிலம், விடுதி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த ஆள் பேசினால்தான் காரணமே வெளியில் வரும்.

ஏன் மூன்று கிழமை? ஒரு செமஸ்டர் 15 கிழமை. பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும். மிச்சம் இருக்கிற 20 வீதம் என்பது மூன்றே கிழமை. அதற்கு மேல் போனால் அந்தப் பாடப் பரீட்சைக்கு இருக்க முடியாது. அடுத்த பட்ச்சோடு சேர்ந்து ரிப்பீட் எழுத வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. ஒரு பிள்ளை அந்த எல்லையைத் தாண்டிய பிறகு நாங்கள் கூப்பிட்டுப் புத்தி சொல்வதில் பெரிய பயன் இல்லை. அவன் மனதில் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டான்.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது என்னவென்றால், தகவல் எங்கள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விரிவுரைக்கும் கையெழுத்துத் தாள் சுற்றுகிறது. அது கோப்புக்குள் போய், செமஸ்டர் முடிவில் பரீட்சைக்கு யார் தகுதி என்று பார்க்கும்போதுதான் எண்ணப்படுகிறது. அந்தத் தாள்களை வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எண்ணினால் போதும். ஒரு பட்ச்சில் நூறு, இருநூறு பேர்தான். எக்செல் தாள் ஒன்றே தாராளம்.

அமெரிக்காவில் அட்லாண்டாவில் உள்ள ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 இல் இருந்து இதைக் கணினியில் செய்கிறது. ஒரு மாணவர் சறுக்கத் தொடங்கியதைக் காட்டும் 800 அறிகுறிகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள். இதைக் கேட்டவுடன் எங்களுக்கும் ஒரு மென்பொருள் வாங்கித் தாருங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் கூடவே பெருந்தொகையான ஆலோசகர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அறிகுறி தெரிந்தவுடன் ஒரு மனிதர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். எங்களிடம் குறைவது அந்த மனிதர்தான்.

ஒட்டுசுட்டானுக்கு அங்காலே இருந்து ஒரு பெடியன் வந்திருந்தான். பெப்ரவரி கடைசியில் வகுப்பில் காணவில்லை. போன் எடுத்தேன். காலபோக அறுவடை. அப்பா இல்லை, அம்மாவும் தங்கச்சியும்தான். "வெட்டு மெசின் எண்டைக்கு வரும் எண்டு சொல்லேலாது மிஸ், அம்மா தனிய நிக்கமாட்டா" என்றான். நெல்லை ரோட்டில் காயப் போட்டு, மூட்டை கட்டி, வியாபாரி வரும் மட்டும் காவல் இருக்க வேண்டும். அது எனக்கு விளங்கியது. அடுத்து அவன் சொன்னதுதான் முக்கியம். "இனி வந்தும் பிரயோசனம் இல்லைத்தானே மிஸ், வரவு போட்டுது." தாளை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. எல்லாப் பாடத்திலும் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. "தம்பி, திங்கட்கிழமை வந்தால் காணும், ஒரு பாடமும் போகாது" என்றேன். வந்தான். இப்போது மூன்றாம் ஆண்டு. அந்தப் போன் போகாமல் இருந்திருந்தால் ஊரில் அவனைப் பற்றி "படிக்க ஏலாமல் விட்டிட்டான்" என்றுதான் கதைத்திருப்பார்கள்.

அந்தக் கதை ஊரில் மட்டும் இல்லை, பல்கலைக்கழகங்களுக்குள்ளும் இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர்கள், இஸட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) குறைவு, தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாடநெறிகளின் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வருபவை. இப்போது முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் இருக்கும் பிள்ளைகள் 2009 இல் நாலைந்து வயதுக்காரர். பலர் போரில் இடம்பெயர்ந்து, முள்ளுக்கம்பிக்குள் மெனிக் பாம் அகதி முகாம் கூடாரத்தில் இருந்தவர்கள், அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். மீள்குடியேறிய பிறகும் உயர்தரத்துக்குக் கணித, பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் படித்து வந்தவர்கள். அந்த நிலையில் எடுத்த புள்ளியை யாழ்ப்பாணம், கொழும்புப் புள்ளியோடு ஒப்பிட்டு இவர்களின் திறமையை அளப்பது நியாயமே இல்லை.

சரி, ஆங்கிலத்துக்கு வருகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலோ விவசாயமோ, வவுனியா பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானமோ படிக்கப் போனால் எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு மாணவி செய்முறை அறிக்கை ஒன்றை ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தாள். அட்டவணை சுத்தம், கணிப்பு ஒழுங்கு, வரைபில் புள்ளிகள் பென்சிலால் அழகாகக் குறித்திருந்தன. முடிவுகளை ஆராய்ந்து எழுத வேண்டிய பக்கத்தில் மட்டும் இரண்டு வரி, அதுவும் நண்பியுடையதைப் பார்த்து எழுதியது. "ஏன் பிள்ளை உன்ர பெறுமானம் கூட வந்தது?" என்று தமிழில் கேட்டேன். வெப்பமானி எங்கே வைத்தோம், தண்ணீர் எப்போது ஊற்றினோம், எந்த இடத்தில் பிழைத்திருக்கும் என்று நிறுத்தாமல் சொன்னாள். அவளுக்குப் பாடம் தெரியும், ஆனால் அந்த அறிக்கைக்குக் கிடைத்த புள்ளியைப் பார்த்தால் தெரியாத பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். இப்படி நாலு அறிக்கை குறைந்த புள்ளியோடு வந்தால் அந்தப் பிள்ளையே தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பத் தொடங்கிவிடும்.

இதற்குப் பொது ஆங்கில வகுப்பு போதாது. நான் அந்த வகுப்பைத்தான் எடுக்கிறேன், அதனால் துணிந்து சொல்கிறேன். அந்தந்தப் பாடத்தின் அறிக்கையை எழுதப் பழக்க வேண்டும். பாட விரிவுரையாளரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து இருக்க வேண்டும், முதல் செமஸ்டரில் வாய்மொழியாகத் தமிழில் விளக்கம் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் நீண்ட காலம் சும்மா போகிறது. அந்த நேரத்தில் பெடியள் கொழும்புக்குக் கடை வேலைக்கும், பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். போவதில் தவறு இல்லை, வீட்டுக்குக் காசு வேண்டும். ஆனால் கையில் சம்பளம் கண்ட பிள்ளைக்கு, கம்பஸில் முதல் மாதமே காசில்லாமல் நிற்பது இரட்டை அடி.

ஏனென்றால் கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல உதவித்தொகை உடனே வராது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆகவும், மற்றக் கொடுப்பனவான பர்சரியை 4,000 இல் இருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். நல்ல விடயம். ஆனால் பதிவு செய்து, கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானத்தை உறுதிப்படுத்தி, பெயர்ப் பட்டியல் வந்து, முதல் தவணை கணக்கில் விழ மாதங்கள் போகும். படிப்பை விடும் எண்ணம் வருவது அந்த மாதங்களில்தான். தொகையைக் கூட்டுவதைவிட முதல் தவணையை முதல் மாதத்தில் கொடுப்பது கூடப் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அரச உதவி போகக் கட்டணத்தில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்தார்கள், பாடப்புத்தகம் கொடுத்தார்கள், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாத அட்டை கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை, ஆலோசகரை ஒழுங்காக வந்து சந்திக்க வேண்டும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டில் படித்து முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 வீதம், இல்லாதவர்களில் 22 வீதம். உயர்கல்வியில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய திட்டங்கள் குறைவு. பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை. பஸ் காசும் பேச ஒரு ஆளும்தான். விசுவமடுவில் இருந்தோ முழங்காவிலில் இருந்தோ தினமும் வந்து போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பஸ் தவறினால் காலை விரிவுரை போய்விட்டது.

இரண்டாம் ஆண்டையும் கவனியுங்கள். பொதுவாக விடுதி முதலாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும்தான் முன்னுரிமையாகக் கொடுக்கப்படும். நடுவில் வெளியே அறை தேட வேண்டும், முற்பணம் கேட்பார்கள். அந்த நேரம் வரும் என்பது எல்லோருக்கும் ஒரு வருடம் முன்னமே தெரியும், அதற்குக் காசு சேர்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பகிடிவதை பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அதனால் ஒரு பிள்ளை வகுப்புக்கு வரப் பயந்தால் அதை "பழகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்களும் அந்தக் குற்றத்துக்குத் துணை போகிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அம்மாவுக்கு வருத்தம், வீட்டில் உழைக்க ஆள் இல்லை என்று ஒரு வருடம் நிற்க வேண்டி வந்தால், எழுத்தில் விண்ணப்பித்து செனற்றின் (பல்கலைக்கழகத்தின் மூதவை) அனுமதியோடு விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம். அனுமதி கிடைத்தால் பதிவு அப்படியே இருக்கும். சொல்லாமல் போனால்தான் எல்லாம் போகும். உங்கள் ஊரில் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்கள் எப்படி வெளியேறினார்கள் என்று கேளுங்கள். கடிதம் கொடுத்திருந்தால், அல்லது இன்னும் பதிவு நீக்கப்படாமல் இருந்தால், பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் கேட்டால் சரியான பதில் வராது.

அப்புறம் ஊர் செய்யக்கூடியது. பெறுபேறு வந்தவுடன் பாராட்டு விழா வைத்து, மாலை போட்டு, கேடயம் கொடுக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் மடிக்கணினி அனுப்புகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழாச் செலவை எடுத்து, முதல் ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு தொகையாக அந்தப் பிள்ளையின் கணக்கில் போடுங்கள். மகாபொல வந்தவுடன் நிறுத்தி அடுத்த பட்ச்சுக்கு மாற்றலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ கோயில் நிர்வாகமோ இதைப் பொறுப்பெடுக்கலாம். உங்கள் ஊரில் இருந்து ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் "கிழமைக்கு ஒருக்கா இவவுக்குப் போன் எடு" என்று சொல்லி வையுங்கள். அறுவடை நாளில் ஆள் தேவைப்படும் வீடு என்றால், அந்த இரண்டு மூன்று நாளும் அயலில் யாராவது போய் நில்லுங்கள்.