ரீச்சரிடம் கேளுங்கள்: நிறமூர்த்தக் கணக்கு, நுங்கு, ஆண் தேனீ

வன்னிப் பிள்ளைகள் அனுப்பிய உயிரியல் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சி, உயர்தர மாணவன்: ரீச்சர், இழையுருப்பிரிவும் ஒடுக்கற்பிரிவும் எனக்கு எப்பவும் மாறிப் போகுது.

தம்பி, அவத்தைகளின் பெயர்களைப் பாடமாக்க முன், முடிவில் ஒரு கலத்தில் எத்தனை நிறமூர்த்தம் (டீ.என்.ஏ. சுருண்டிருக்கும், பரம்பரைத் தகவல் தாங்கும் இழை) என்று பாரும். வெட்டுக்காயம் ஆறும்போது 46 உள்ள ஒரு கலத்திலிருந்து 46 உள்ள இரண்டு கலங்கள் வரும். அது இழையுருப்பிரிவு. விந்து உருவாகும்போது 46 உள்ள கலத்திலிருந்து 23 உள்ள நான்கு வரும். அது ஒடுக்கற்பிரிவு. அதில் டீ.என்.ஏ. ஒரு தடவைதான் இரட்டிக்கும், கலம் இரு தடவை பிரியும். பாதியாவது அதனால்தான். இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

முல்லைத்தீவு, மாணவி: நாங்கள் மூன்று பேரும் பெண் பிள்ளைகள். அப்பம்மா எப்பவும் அம்மாவைத்தான் குறை சொல்லுவா. அது சரியா?

சரியே இல்லை, தங்கச்சி. அம்மாவின் முட்டை எதுவானாலும் அதில் இருப்பது எக்ஸ் நிறமூர்த்தம். அப்பாவின் விந்துகளில் ஏறக்குறையப் பாதியில் எக்ஸ், மீதியில் வை. வை உள்ளது கருக்கட்டினால் ஆண், எக்ஸ் உள்ளது கருக்கட்டினால் பெண். அதற்காக அப்பாவிலும் பழி போட முடியாது, எந்த விந்து போய்ச் சேர வேண்டும் என்று அவர் தீர்மானிப்பதில்லை. மூன்றும் பெண் என்பதால் நாலாவது கட்டாயம் ஆண் என்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு ஏறக்குறையச் சரிபாதி. எத்தனையோ தாய்மார் இந்தப் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். புள்ளிக்காக மட்டும் இதைப் படிக்காமல், அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தும்.

புதுக்குடியிருப்பு, மாணவன்: நுங்கு விதையின் எந்தப் பகுதி? முளைத்த பனம்விதைக்குள் இருக்கும் பூரானும் அதுதானா?

நல்ல கேள்வி. நுங்கு என்பது முற்றாத வித்தகவிழையம், அதாவது முளையத்துக்கு உணவாக விதைக்குள் சேமிக்கப்படும் இழையம். மகரந்தக் குழாய் இரண்டு ஆண் புணரிகளை (இனப்பெருக்கக் கலங்களை) கொண்டுவரும். ஒன்று முட்டையோடு சேர்ந்து, முளையமாக வளரும் நுகமாகும், மற்றது சூலுக்குள் இருக்கும் இரண்டு முனைவுக் கருக்களோடு சேர்ந்து வித்தகவிழையமாகும். இவை ஒவ்வொன்றிலும் ஒரு தொகுதி நிறமூர்த்தங்கள். ஆகவே நுகத்தில் இரண்டு தொகுதி நிறமூர்த்தங்கள், நுங்கில் மூன்று. முற்றினால் அதே நுங்கில் கத்தி இறங்காது.

பூரான் வேறு. பனம்விதை முளைக்கும்போது வித்திலையின் (முளையத்தின் முதல் இலையின்) ஒரு பகுதி உள்ளே பருத்து, அந்தக் கடினமான சேமிப்பைக் கரைத்து உறிஞ்சும். நாங்கள் விதையை வெட்டித் தோண்டித் தின்பது அதைத்தான். அது முளையத்தின் பகுதி என்பதால் அதில் இரண்டு தொகுதி. அப்புறம், ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. காய்ப்பது பெண் பனைதான், ஆனால் மகரந்தம் ஆண் பனையிலிருந்துதான் வர வேண்டும். காணி துப்புரவாக்கும்போது "காய்க்காத மரம்தானே" என்று ஆண் பனைகளை எல்லாம் தறித்து விடாதீர்கள்.

ஒட்டுசுட்டான், மாணவி: அப்பா காட்டில் தேன் எடுப்பவர். ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். இராணி இடும் முட்டைகளில் கருக்கட்டாதவை ஆணாகும். அவற்றில் 16 நிறமூர்த்தங்கள். கருக்கட்டியவை பெண், அவற்றில் 32. ஆணிடம் இருப்பதே ஒரு தொகுதி என்பதால் அதன் விந்து உருவாகும்போது எண்ணிக்கை பாதியாவதில்லை. தகப்பன் இல்லாவிட்டாலும் தாய்வழிப் பாட்டன் உண்டு, யோசித்துப் பாரும்.

கொக்கிளாய், மாணவன்: கருவாடு ஏன் பழுதாகாது?

உப்பு, மீனின் கலங்களிலிருந்தும் பற்றீரியாக்களிலிருந்தும் பிரசாரணத்தால் (உப்புக் கூடிய பக்கத்துக்கு மென்சவ்வினூடாக நீர் நகர்வதால்) நீரை வெளியே எடுத்து விடும். மிச்சத்தை வெயில் காய வைக்கும். நீர் போதாவிட்டால் பற்றீரியா பெருகாது. மழைக்கு நனைந்தால் திரும்பவும் பழுதாகும்.