கதை எழுதி வாசகரை உண்மையாகவே கலங்க வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் தம் கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். ரப்பர் தோட்டம் விற்கப்படுகிறது, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து வீடுகள் இடிபடுகின்றன, கடைசிப் பக்கத்தில் அப்பா இறந்துபோகிறார். எழுதும்போது தாமே அழுததாகவும், படித்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டதாகவும் வருந்துகிறார். வாசகர் மனம் அசைய என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வட்டாரத்தில் யாராவது கதை எழுதினால் அது எப்படியோ என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கதைதான்: தோட்டம் மூடப்படும், ஒருவர் இறப்பார். இதே கதையை இன்னும் நூறு பேர் எழுதினாலும் எனக்குச் சலிக்காது. நம் மக்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் மரணத்தை எழுதிவிட்டால் கண்ணீர் தானே வரும் என்று நம்பி எழுதிய கதைகளை வாசகர் கண் கலங்காமல் மூடி வைத்துவிடுகிறார். அதற்கான காரணத்தைப் பல ஆண்டுகளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

துக்கத்தில் இருப்பவருக்குத் துக்கப்பட நேரமே கிடைப்பதில்லை. அவர் கையில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னதாக, வெளியே சொல்ல வெட்கப்படும்படியான ஓர் ஆசை இருக்கிறது. எழுத வேண்டியது அதைத்தான்.

ஜப்பானியர் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைக் கொடுமை, நரகம், இரத்தக் கண்ணீர் என்று எழுதினால் வாசகர் மரியாதையோடு தலை குனிவார், அவ்வளவுதான். கணவன் திரும்பி வராத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிணம் வரவில்லை. கடிதம் இல்லை. போர் முடிந்து அடுத்த லயத்துக்காரர் மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்கிறார். "நாங்கள் வேறு வேறு கொட்டகையில் இருந்தோம்" என்பதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் தாலியை எந்த நாளில் கழற்றுவாள்? எந்தத் திதியில் படையல் போடுவாள்? என் மகன் உயிரோடு இருக்கிறான், பொட்டை அழிக்காதே என்கிறாள் மாமியார். மகள் பெரிய மனுஷியாகிறாள். சடங்கில் அம்மா முன்னால் நிற்கலாமா கூடாதா என்று ஊர்ப் பெண்கள் காதோடு காதாகப் பேசுகிறார்கள். ஒரு தேதி வேண்டும் அவளுக்கு. அந்தத் தேதியைத் தேடி அவள் வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டால், கதையில் எந்த இடத்திலும் நீங்கள் "துயரம்" என்று எழுத வேண்டிய தேவை வராது.

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறுவது 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக. அன்று காலை இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அந்த நாளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறார்கள். விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போன பெண்களின் வாளிப் பாலை அன்று யார் நிறுத்து வாங்கினார்கள் என்று யாராவது எழுத மாட்டார்களா என்று நான் காத்திருக்கிறேன்.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எழுத்தாளருக்கு ஒரு நல்ல கருவி தருகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற பகுதி அது. அழுகை நான்கு இடங்களில் பிறக்கிறது என்கிறார் தொல்காப்பியர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்து நடத்துவதால் வருவது, உற்றாரையோ உடைமையையோ இழப்பதால் வருவது, முன்பு இருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வதால் வருவது, இல்லாமையால் வருவது. நம் தோட்டக் கதைகள் இழவிலும் வறுமையிலும்தான் பிடிவாதமாகக் குடியிருக்கின்றன. இழவு மட்டும் இருந்தால் போதாது என்பது என் அனுபவம். இறந்தவர் உங்களுக்கு அப்பா. வாசகருக்கோ அவர் நான்கு பக்கத்துக்கு முன்னால் அறிமுகமானவர். உங்கள் கண்ணீருக்குப் பின்னால் நாற்பது வருடம் இருக்கிறது. வாசகரிடம் அது இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சிறுமைப்பட்டு, வாயைத் திறக்க முடியாமல் நின்ற ஒரு கணம் எல்லாருடைய வாழ்க்கையிலும் இருக்கும். இளிவை எழுதும்போது வாசகர் தம் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

ஒரு காட்சியை எழுதிப் பார்க்கலாம். தோட்டம் மூடப்படுகிறது. முப்பது வருடம் மரம் வெட்டிய ஓர் அம்மாளுக்கு இழப்பீடு கொடுக்கிறார்கள். மலேசியாவின் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளமாவது கொடுக்க வேண்டும். முப்பது வருடம் என்பது அங்கே 600 நாளாகிவிடுகிறது. அந்த எண் கதைக்குள் வர வேண்டும். எந்த உரிச்சொல்லும் அந்த வேலையைச் செய்யாது. இனி அந்த அம்மாள்:

"ஆபீசுக்கு வரச் சொன்ன நாளிலிருந்து இரவில் பேத்தியோடு உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினாள். முதலில் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அன்று தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. ஆபீசில் கணக்கெழுதும் புதுக் கிராணி சின்னப் பையன். தலையை நிமிர்த்தவில்லை. மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். 'இங்கே வையுங்கள், பாட்டி.' பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவள் கட்டைவிரலை வைத்தாள். துடைக்கத் துணி கொடுப்பார்கள் என்று விரலை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சேலை மடிப்பின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில் துடைத்துக்கொண்டாள்."

கிராணிப் பையன் கெட்டவன் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதையாகத்தான் பேசினான். அவனை வில்லனாக்கி, ஏளனமாக ஒரு வார்த்தை சொல்ல வைத்திருந்தால் வாசகருக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்த இடத்தில் கலக்கம் ஒதுங்கிவிடும். அந்த அம்மாள் அழுதிருந்தாலும் காட்சி கெட்டுப்போயிருக்கும். இதற்கு அடுத்த வரி எழுதுவதுதான் மிகவும் கடினம். "அவள் நெஞ்சு கனத்தது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். வீட்டில் பேத்தி காத்திருப்பாள், கையெழுத்துப் போட்டாயா என்று கேட்பாள். அங்கே போய்விடுங்கள்.

மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பா, கண்ணாலும் காதாலும் திண்மையாக உணரக்கூடியவர்களுக்கே மெய்ப்பாடு விளங்கும் என்கிறது. எழுதுபவருக்கும் அது பொருந்தும். கண்ணிலும் காதிலும் படாத எதையும் முதல் பிரதியிலிருந்து நீக்கிப் பாருங்கள். என் மேசைக்கு வரும் கதைகளில் சில சமயம் கதாநாயகி கொட்டும் மழையில் நனைந்தபடி பால் வெட்டுவாள். இளையவர்கள் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரம் வெட்டிய ஒருவர் அந்த வரியைப் படித்ததும் கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட மாட்டார்கள். பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் வழிந்து வீணாகும், பால் வடியும் கிண்ணமான மங்கில் மழைத்தண்ணீர் நிறைந்துவிடும். மழை என்றால் வேலை இல்லை, அன்றைய கூலியும் இல்லை. உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. விடியாத நேரத்தில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து உட்கார்ந்து மனத்துக்குள் கணக்குப் போடுகிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை, இன்றைக்கு அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கொண்டுபோய் விடமாட்டாள் என்று சந்தோஷத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்குகிறது. ஒரே மழை. பிள்ளையின் மகிழ்ச்சியை மட்டும் எழுதுங்கள், அம்மாவின் கணக்கை ஒரே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு காலத்தை ஒரே பொருளின் மேல் வைக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் புறநானூற்றின் 112ஆம் பாடலைப் படியுங்கள். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றும் பிறர் கைக்குப் போகவில்லை. இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அதில் கண்ணீர் இல்லை, வேந்தர் மேல் சாபம் இல்லை. இரண்டு இரவுகள், ஒரு நிலவு. தோட்டம் கைமாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். யாரும் விளக்கம் கேட்டதில்லை.

சிரிப்பை ஒதுக்காதீர்கள். எட்டு மெய்ப்பாடுகளில் தொல்காப்பியர் நகையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அழுகைக்கு வருகிறார். நம் இழவு வீடுகளும் அப்படித்தான் இருக்கின்றன. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே பந்தலில் விடிய விடியச் சீட்டாட்டம் நடக்கும், இறந்தவர் ஒருமுறை கள்ளுக்கடையிலிருந்து வேறொருவர் சைக்கிளை ஓட்டி வந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த வாசகருக்கு இறந்தவரை இப்போது தெரியும். உங்கள் கதையில் அப்பா ஒருமுறை கூடச் சிரிக்கவில்லை, யாரையும் சிரிக்க வைக்கவும் இல்லை. உழைக்கிறார், இருமுகிறார், இறக்கிறார். உங்கள் அப்பா நிச்சயமாக அப்படி இருந்திருக்க மாட்டார். ஒப்பாரியையும் உன்னிப்பாகக் கேளுங்கள். இறந்தவர் வாங்கிக் கொடுத்த சேலை, உட்கார்ந்த திண்ணை, கூப்பிட்ட பெயர் என்று பாட்டிமார் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் அழுகிறார்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். அப்பா இறக்கட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் வேண்டாம், முதல் பக்கத்திலேயே இறந்துவிடட்டும். அதன் பிறகு குடும்பத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து இடுகாடு இப்போது வீடமைப்பு நிலத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் வேலி, வாசலில் காவல் சாவடி. சாவடியில் இருக்கும் நேப்பாளி இளைஞர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து அடையாள அட்டை எண்ணைக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு வருகையாளர் அட்டை தருகிறார். அவர் தம் வேலையைச் செய்கிறார். நாற்பது வருடம் அதே பாதையில் வாளி தூக்கி நடந்தவர் வண்டிக்குள் இருக்கிறார். வண்டியில் எத்தனை பேர் என்று சாவடி இளைஞர் கேட்கிறார்.

மூத்த மகன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் அண்ணனாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். அந்தப் பதிலை மட்டும் எழுதுங்கள், அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் வேண்டாம். எழுதிய காட்சியை முதலில் தோட்டத்தில் வாழாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் வருணனையைக் குறையுங்கள். பிறகு இங்கேயே பதிவிடுங்கள், நான் கட்டாயம் படிக்கிறேன்.