அடங்கலில் யார் பெயர்?

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். அடுத்த வருடம் முதல்நிலைத் தேர்வு எழுதுவேன். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதே மத்திய அரசுதான். அப்படியிருக்க அதைச் சுதந்திரமான அமைப்பு என்று எப்படி நம்புவது? நேர்முகத்துக்கு ஆள் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்கிறார், சென்னையில் ஒருவரிடம் பேசியும் வைத்திருக்கிறார். தமிழில் எழுதலாமா, தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.
செ.

அன்புள்ள செ.,

தமிழில் முதன்மைத் தேர்வு எழுதலாம். தமிழ் இலக்கியமும் எடுக்கலாம், பிடித்திருந்தால். இதற்கெல்லாம் யூடியூபில் ஆள் இருக்கிறார்கள், என்னை விடுங்கள். மாமாவுக்கு அப்புறம் வருகிறேன்.

நியமிப்பது யார் என்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். நீதிபதிகளையும் குடியரசுத் தலைவர்தான் நியமிக்கிறார். உட்கார்ந்தபின் அந்த மனிதருக்கு யாரிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆறு வருடம் அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை பதவி. தவறாக நடந்தார் என்று நீக்குவதானால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அரசியல் சட்டத்தின் 319வது பிரிவு. தலைவராக இருந்தவர் இறங்கியபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ எந்த வேலையும் பார்க்க முடியாது. உறுப்பினர் தலைவராகலாம், ஒரு மாநில ஆணையத்துக்குத் தலைவராகப் போகலாம், அதோடு சரி. அதிலும் ஓர் ஓட்டை உண்டு. மாநில ஆணையம் ஒன்றில் உறுப்பினராக இருந்தவர் ஆளுநரானபோது, ஆளுநர் பதவி அரசின் கீழ் வரும் வேலை ஆகாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இன்றும் அது ஒப்பவில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் ஒரு பட்டா விஷயமாக கிராம நிர்வாக அலுவலகத்தில் காத்துக்கிடந்தேன். அங்கே உட்கார்ந்து எங்கள் ஊர் பழைய கணக்குப்பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதிலே.

கணக்குப்பிள்ளை (கர்ணம்) மாதிரியான கிராமப் பதவிகளில் பரம்பரை உரிமை செல்லாது என்று 1960லேயே தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வரவில்லை போலிருக்கிறது. அப்பாவுக்குப் பின் பிள்ளை, ஊர்க் கணக்கெல்லாம் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில். 1969இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. பதிய வேண்டுமானால் சாகுபடி செய்வதற்குச் சான்று வேண்டும். சான்று அடங்கல், எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் ஊர்ப் பதிவேடு. அடங்கல் கணக்குப்பிள்ளை கையில். கணக்குப்பிள்ளை மிராசுதாரருக்குப் பங்காளி. என் தாத்தா காலமெல்லாம் உழுத வயலுக்கு நேரே ‘சொந்தச் சாகுபடி’ என்று மிராசுதாரர் பெயர் இருந்தது.

அந்தக் கணக்குப்பிள்ளை கெட்டவர் இல்லை தம்பி. பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் வில்வண்டி கட்டி அனுப்புவார். எங்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வார். அடங்கலில் தாத்தா பெயரை எழுத மட்டும் அவரால் முடியாது. எழுதிவிட்டு அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் எப்படிப் போய் உட்காருவார்?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கணக்குப்பிள்ளை உள்ளிட்ட அந்தக் கிராமப் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அது செல்லும் என்றது. மாநிலத் தேர்வாணையம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலராக எங்கள் ஊருக்கு வந்தவர் சேலம் பக்கத்துப் பையன். குறுவை அறுத்த வயலில் நடுவது தாளடி, அதைச் சம்பா என்று எழுதக்கூடாது என்று அப்பாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். யாரையும் தெரியாததால் வரப்பில் நடந்துபோய், சேற்றில் நின்றவரிடம் ‘இது யார் சாகுபடி?’ என்று கேட்டார். சொன்னதை எழுதினார். மிராசுதாரர் வீட்டில் காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு அதையேதான் எழுதினார். அவர் உத்தமர் என்று சொல்லவில்லை. பட்டா மாற்றக் கை நீட்டினார் என்று ஊரில் பேச்சு உண்டு. ஆனால் அவர் யாருக்கும் பங்காளி இல்லை. சென்னை மாகாணத்துக்குத் தேர்வாணையம் வந்தது 1929இல். அப்படி ஓர் அந்நியர் எங்கள் வரப்புக்கு வந்து சேர மேலும் ஐம்பது வருடம் ஆயிற்று.

நீங்கள் டெல்லியைக் கேட்டீர்கள், நான் ஊர்க்கதை பேசுகிறேன். டெல்லி ஆணையம் செய்வதும் இதைத்தான். எங்கோ ஒரு மாவட்டத்துக்கு, அங்கே யாருக்கும் கடன்படாத ஒருவரை அனுப்பப் பட்டியல் கொடுக்கிறது. நியமன உத்தரவு போடுவது அரசு. தான் சொன்னதை அரசு ஏற்காவிட்டால் ஆணையம் ஆண்டறிக்கையில் எழுதும், அரசு நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும். தேர்வாணையம் என்றாலே சுத்தம் என்று நான் நினைக்கவில்லை. நம் மாநில ஆணையத்துக்கு 2016இல் நியமித்த பதினொரு உறுப்பினர்களின் நியமனத்தை அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காவலுக்கு வைக்கும் ஆளையே வேண்டியவனாகப் பார்த்து வைத்தால் 319ஆம் பிரிவு என்ன செய்யும்? உங்கள் சந்தேகத்தில் நியாயமான பாதி அது.

மறுபாதியைச் சொன்னால் கோபம் வருகிறது. ஆணையம் சுதந்திரமாக இருக்கிறதா என்று முதல் வரியில் கேட்கிறீர்கள், அடுத்த வரியில் அதற்குள் உங்களுக்கு ஒரு பங்காளி இருந்தால் நல்லது என்கிறீர்கள். எந்த வாயால் இதைக் கேட்கிறீர்கள்? முதன்மைத் தேர்வு 1750 மதிப்பெண், அதில் விடைத்தாள் திருத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நேர்முகம் 275. அந்த 275க்கு மாமா இப்போதே ஆள் பிடித்துவிட்டார், முதல்நிலைத் தேர்வுக்கு நீங்கள் இன்னும் விண்ணப்பம்கூடப் போடவில்லை! அந்தச் சென்னைக்காரரோடு வெறும் பேச்சுதானா, பணமும் கை மாறியிருக்கிறதா என்று இன்றைக்கே மாமாவிடம் கேளுங்கள். மாறியிருந்தால் தாளடி நடவுக்கு முன் திருப்பி வாங்கச் சொல்லுங்கள், அந்தச் செலவுக்காவது ஆகும்.