அரை நாளில் மொண்ணையாகும் மல்டி டூல் பிளேடு: மலிவு செட் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் மரவேலை செய்கிறேன். பழைய வீடுகளில் டைல்ஸ் மேலேயே வினைல் தரை ஒட்டும்போது கதவு நிலையின் அடியை அறுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக மல்டி டூல் (பிளேடை இடவலமாக வேகமாக அதிரவைத்து அறுக்கும் சின்ன மிஷின்) வாங்கினேன். மிஷின் நன்றாக ஓடுகிறது, பிளேடுதான் கட்டுப்படியாகவில்லை. கம்பெனி பிளேடு அரை நாள்கூடத் தாங்குவதில்லை. ஆன்லைனில் பத்து, இருபது என்று செட்டாக மலிவாகக் கிடைக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் நிலை அறுக்கிற பிளேடு அரை நாளில் போகிறதென்றால், மலிவு செட்டும் அதே வேகத்தில்தான் தீரும். முதலில் தீர்ந்துபோன பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு ஓரப் பற்கள் மட்டும் உடைந்து நடுப்பற்கள் நன்றாக இருந்தால், ஆணியோ டைல்ஸ் விளிம்போ பட்டிருக்கிறது. பல் நுனி நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் பதம் போய்விட்டது. பற்கள் இருக்கின்றன, இடையில் கறுப்பாகப் பிசின் அடைத்திருக்கிறது என்றால் அந்தப் பிளேடு சாகவே இல்லை. மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுக் கம்பி பிரஷால் தேயுங்கள், மறுபடி அறுக்கும். தேக்கும் பிளைவுட் பசையும் இப்படித்தான் ஏமாற்றும். நல்ல பிளேடுகளைக் குப்பையில் போட்ட ஆசாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன்.

உங்கள் வேலையில் பெரிய எமன் நிலையின் கால். பழைய வீட்டில் அது தரைக் கலவைக்குள் இறங்கியிருக்கும். மரத்துக்கென்று செய்த பல், மணலும் சிமெண்டும் பட்ட நொடியில் மழுங்கிவிடும். ஒட்டப்போகும் வினைல் பலகையிலேயே ஒரு துண்டை டைல்ஸ் மேல் வைத்து, பிளேடை அதன்மேல் படுக்கவைத்து அறுங்கள். உயரமும் சரியாக வரும், பல்லும் தரையைத் தொடாது. அறுக்கும் முன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மரத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பெயின்டுக்கும் பட்டிக்கும் அடியில் ஒளிந்திருக்கும் ஆணி கையை இழுக்கும்.

இனி எதை மலிவாக வாங்குவது என்பது. சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடு மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். மலிவு செட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், ஆணி இல்லாத இடத்தில் தாராளமாகப் போதும். பை-மெட்டல் பிளேடில் உடல் வளையும், பல் வரிசை மட்டும் சூட்டில் எளிதில் பதம் போகாத ஹை ஸ்பீட் ஸ்டீல். ஆணி கலந்த மரம், செம்பு, அலுமினியம் எல்லாம் தாங்கும். அதைவிடக் கெட்டியான கார்பைட் பல் வைத்தது கடினமான ஸ்க்ரூவையும் அறுக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். டைல்ஸ் இடுக்கு சுரண்டப் பல்லே இல்லாத, கார்பைட் பொடி ஒட்டிய பிளேடு வேண்டும்.

விலையை ஒரு பிளேடுக்கு என்று பார்க்காதீர்கள், ஒரு அறுப்புக்கு என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 400 ரூபாய்ப் பிளேடு 20 நிலை அறுத்தால் நிலைக்கு 20 ரூபாய். 60 ரூபாய்ப் பிளேடு இரண்டு நிலையோடு நின்றால் 30 ரூபாய், மாட்டிக் கழற்றும் நேரம் தனி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சுத்தமான மரத்துக்கு மலிவு செட் ஒன்றும், ஆணி தட்டுப்படும் இடத்துக்கு நல்ல பை-மெட்டல் இரண்டும் பையில் வைத்திருப்பேன்.

செட்டில் பை-மெட்டல் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய அரத்தால் ஒரு பல்லைத் தேய்த்துப் பாருங்கள். அரம் கடித்தால் கார்பன் ஸ்டீல், வழுக்கினால் ஹை ஸ்பீட் ஸ்டீல். பெயின்ட் இல்லாத பிளேடானால் பல் வரிசைக்குக் கீழே வெல்டிங் கோடு ஒன்று நீளமாகத் தெரியும். தங்க நிறப் பூச்சைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கடியிலும் சாதாரண இரும்பு இருக்கலாம்.

பணம் கட்டும் முன் மிஷினின் மூக்கைப் பாருங்கள். தட்டையான முகத்தில் சுற்றிலும் சின்னக் குமிழ்கள், நடுவில் ஒரு போல்ட் என்றால் ‘யுனிவர்சல்’ செட்டுகள் பெரும்பாலும் பொருந்தும். குழிந்த நட்சத்திரம் போல இருந்து பிளேடு ‘டக்’கென்று மாட்டினால் அது ஸ்டார்லாக். ஜெர்மன் கருவிக் கம்பெனிகளான போஷும் ஃபைனும் சேர்ந்து 2016-இல் கொண்டுவந்த முறை அது. தட்டைப் பிளேடு அதில் உட்காராது. ஸ்டார்லாக்கிலும் மூன்று படி உண்டு: சாதாரணம், பிளஸ், மேக்ஸ். சாதாரணப் பிளேடு மூன்று மிஷினிலும் ஏறும். மேக்ஸ் பிளேடு மேக்ஸ் மிஷினில் மட்டும்தான். மல்டி டூலின் மூதாதை, 1967-இல் ஃபைன் செய்த, எலும்பு முறிவு மாவுக்கட்டை வெட்டும் ரம்பம். ஃபைனின் காப்புரிமை காலாவதியான பிறகுதான் மற்ற கம்பெனிகள் இறங்கின, பிளேடும் மலிந்தது.

சென்னைப் பக்கம் வந்தால் பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் மிஷினையே கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஆன்லைனில் என்றால் முதலில் சின்ன செட். அறுக்கும்போது பிளேடு அதிர்ந்து கழன்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வேகம் இன்னொரு சங்கதி. எல்லாரும் டயலை உச்சத்தில் வைத்து அழுத்துகிறார்கள். ஆணி தட்டுப்பட்டால் வேகத்தைப் பாதிக்குக் குறைத்து, கையை லேசாக்கி, பிளேடை இடவலமாக அசைத்துக்கொண்டே போங்கள். இடையிடையே வெளியே எடுத்தால் தூள் கொட்டும், சூடும் இறங்கும்.

மழுங்கிய கார்பன் ஸ்டீல் பிளேடைத் தூக்கிப்போடாதீர்கள். கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டுப் பெரிய பற்களாகக் கீறினால் கரடுமுரடான வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். கண்ணாடி கட்டாயம். அதுவும் தேய்ந்தால் முனையைச் சப்பையாகத் தீட்டி வையுங்கள், காய்ந்த சிலிக்கானையும் பழைய பசையையும் சுரண்ட அதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது.