எழுத்துக் கூட்டும் பையனுக்குச் சிரிப்புக் கதை

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நீதிக்கதை என்றாலே ஓடிவிடுகிறான். பள்ளிக்கூடத்து வேடிக்கைக் கதைகள் வாங்கித் தந்தேன். அதற்கும் சிரிப்பு வரவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேடிக்கை வந்து சேர்வதற்குள் பையன் களைத்துப்போகிறான், அவ்வளவுதான். 'ஓடிக்கொண்டிருந்தபோது' என்பதில் 11 எழுத்து. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். ஆகவே அட்டைப் படத்தை நம்பாமல் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, ஏழெட்டு எழுத்தைத் தாண்டும் சொற்களை எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். அவனே படிக்க 16 முதல் 24 பக்கம், பக்கத்துக்கு மூன்று நான்கு வரி, பெரிய எழுத்து போதும்.

இந்த வயதில் சிலேடை எடுபடாது. அதிலும் இங்கிலீஷ் சிலேடையை அப்படியே பெயர்த்திருந்தால் பெரியவர்களுக்கே விளங்காது. வரி ஒன்று சொல்ல, படம் வேறொன்றைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். "கவின்?" "உள்ளேன் ஐயா." "மலர்?" "உள்ளேன் ஐயா." "மாதேஷ்?" பக்கத்தைத் திருப்பினால் கடைசி பெஞ்சில் ஒரு வெள்ளாடு: "மே!" வாத்தியார் நிமிர்ந்தே பார்க்காமல் டிக் அடிக்கிறார். 'உள்ளேன் ஐயா' இரண்டாம் தடவை கூட்டாமலே வந்துவிடும். சிரிப்பு வரும் இடத்திலோ ஒரே எழுத்துதான். இதே ஆட்டை முந்தின பக்கத்துப் படத்திலேயே காட்டியிருந்தால் கதை அங்கேயே செத்தது. பல புத்தகங்கள் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

கணக்கு வராத பையனையோ திக்கித் திக்கிப் படிப்பவனையோ கேலி செய்யும் கதைகளைத் தொடவே வேண்டாம். உங்கள் மகன் யார் பக்கம் நின்று அதைப் படிப்பான் என்று யோசியுங்கள்.

உரையாடல் பேச்சுத்தமிழில் இருந்தால் நல்லது. 'போயிட்டான்' காதில் பழகிய சொல். பாதி கூட்டியதுமே மீதி தானாக வரும். நம்ம பக்கத்து 'ஏனுங்க டீச்சர்' புத்தகத்தில் கிடைப்பது அரிது. வாசித்துக் காட்டும்போது நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலையில் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பின் தரம் ஏறி இறங்கும் என்பதால் முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்திருக்கின்றன. சொந்தத்தில் யார் பிள்ளையாவது அரசுப் பள்ளியில் படித்தால் விசாரியுங்கள். உங்கள் மகனுக்கு 'நுழை' சரியாக இருக்கும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிப்போய், வாங்குமுன் இரண்டு பக்கம் படிக்கவிடுங்கள்.

வீட்டில் முதல் நாள் முழுக்க நீங்கள் வாசியுங்கள். மறுநாள் கதை உங்களுக்கு, 'உள்ளேன் ஐயா' அவனுக்கு. மூன்றாம் நாள் அவனே படிக்கட்டும். ல, ள தடுமாறினால் நடுவில் திருத்தாதீர்கள், சிரித்து முடித்த பிறகு சொல்லலாம். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் கொடுங்கள். மனப்பாடமாக ஒப்பிக்கிறான் என்று தோன்றினால், விரலை வரியின்மேல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.